மிச்சக் காசு

ஹசினியின் கைதான் நான் தூக்கிப் பழகிய முதல் செத்த கை.
"முழுப் பாரத்தையும் என்கிட்ட விடு" என்றேன்.
விட்டேன் என்றாள்.
விடவில்லை.
என் உள்ளங்கையில் அவள் முழங்கை
புது வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல்
நுனியில் உட்கார்ந்திருந்தது.
நல்ல கைக்கு நடிக்கத் தெரியாது,
தூக்கப் போகிறார்கள் என்றால்
தானே பாதி எழுந்துவிடும்.
அந்தக் கையில்தான் பரீட்சை பாஸானேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரி, ஆண்கள் வாட்டு.
ஜன்னலில் பனி,
பனிக்குள் எங்கோ கொழுந்து லொறி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
சந்தனராஜ், வயது ஐம்பத்து மூன்று, இடது பக்கம்.
ஹட்டன் மஸ்கெலியா பஸ்ஸில் இருபத்தாறு வருடம் கொண்டக்டர்.
ஏழாம் ஆண்டில், நோர்வூட் சந்தியில்,
டிக்கட் எடுக்காமல் நான் இறங்கி ஓடியது
அவருக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று
முகத்தை அதிகம் காட்டவில்லை.

இந்தக் கை பாரம் தந்தது.
முழுசாக.
ஈரச் சாக்கு மாதிரி என்று நினைத்தேன்,
நினைத்தபடியே மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.
சாக்குக்கு வலிக்காது.
அவர் "அம்மா" என்றது அடுத்த வாட்டுக்கும் கேட்டிருக்கும்.

துஷாரி மிஸ் ஏசவில்லை.
என் சுட்டுவிரலை எடுத்து
அவர் தோளின் விளிம்புக்குக் கீழே வைத்தார்.
அங்கே ஒரு பள்ளம்.
என் விரல் அளவாகப் போய் உட்கார்ந்தது.
"எலும்பு இறங்கி இருக்கு" என்றார் தன் அரைத் தமிழில்.
சட்டை போட்டுவிட மனைவி இழுத்தது,
எழுப்பிவிட மகன் இழுத்தது,
வண்டிலில் ஏற்ற அட்டெண்டன்ட் இழுத்தது.
எல்லாரும் அன்பாகத்தான் இழுத்திருக்கிறார்கள்.
இப்போது நானும்.

கையை முதுகில் இருந்து தொடங்க வேண்டும்.
தோள்பட்டை எலும்புக்குக் கீழே என் ஒரு கை,
முழங்கையின் கீழே மற்றது,
இனி அவசரமில்லை.
விலா மேல் அந்தத் தட்டை எலும்பு
கொஞ்சம் வழுக்கி வரும்வரை.
முஷ்டியைப் பிய்க்கக் கூடாது.
மணிக்கட்டை இன்னும் உள்ளே மடக்கி,
கட்டைவிரலை அதன் அடியில் பிடித்து
வெளியே கொண்டுவந்தால்
மற்ற நாலும் பின்னால் வரும்.
வந்தன.
ஆறு கிழமை மூடிக்கிடந்த உள்ளங்கையின்
புளித்த வாடையும் வந்தது.
"எங்க பஸ் கதவும் இப்படித்தான் மிஸ்" என்றார்.
"இழுத்தா வராது."

மூன்றாம் கிழமை என் பேர்ஸில் இருந்து
இருபது ரூபாய் எடுத்தேன்.
நீளவாக்கில் மடித்து
ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகினேன்.
இருபது, ஐம்பது, நூறு என்று
விரலிடுக்குக்கு ஒரு தாளாய் நின்ற இடம்.
பிடித்துக்கொண்டது!
பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார்.
அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.
துஷாரி மிஸ் மட்டும் பேனாவை மூடினார்.
"பிடிக்கிறது வருத்தம். விடுறதுதான் சுகம்."

கையை நீட்டினேன்.
"மிச்சம் தாங்க."
அவர் தன் கையைப் பார்த்தார்,
தன் ஹோல்ட் வந்தும் இறங்காமல்
படியை மறித்து நிற்கும் ஆளைப் பார்ப்பதுபோல.
முன்கையின் முதுகில் தட்டினேன்,
மூன்று விரலால், விடாமல்.
"இறங்குறவங்க இறங்குங்க" என்றார் அதனிடம்.
தட்டினேன்.
"மிச்சம் இறங்கும்போது தாறேன்" என்றார் என்னிடம்,
பழக்கத்தில் வந்துவிட்டது,
வந்ததும் அவருக்கே சிரிப்பு,
கோணிய பக்கமும் கொஞ்சம் சேர்ந்து சிரித்தது.

தாள் கட்டிலில் கிடந்தது.

"விட்டீங்களா, விழுந்துச்சா?"
"தெரியல மிஸ். நீங்க பார்க்கலியா?"
நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாரத்தில் அதற்கு இரண்டே கட்டம், ஆம், இல்லை.
இரண்டையும் விட்டு ஓரத்தில் எழுதினேன்:
தாள் விழுந்தது, காலை 10.40.
பிறகு எடுத்து
மறுபடி நீளவாக்கில் மடித்தேன்,
விரல்களை விட்டுக் கண் எடுக்காமல்.